படத்தில் இருக்கும் இன்னொருவருக்கும் பெயர் உண்டு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில், இரண்டாம் உலகப் போர்க்கால நட்பைப் பற்றிய கட்டுரையோடு ஒரு கறுப்பு வெள்ளைப் படம் வெளியாகியிருந்தது. கண்களில் கட்டுப் போட்ட வெள்ளைக்காரச் சிப்பாய் ஒருவர் நீண்ட கழியை ஊன்றிக்கொண்டு புல்வெளிப் பாதையில் நடக்கிறார். பப்புவா இளைஞர் ஒருவர் அவரைத் தாங்கி அழைத்துச் செல்கிறார். படக்குறிப்பில் சிப்பாயின் பெயர் ஜார்ஜ் விட்டிங்டன் என்றும், அவர் ஆஸ்திரேலியக் காலாட்படையைச் சேர்ந்தவர் என்றும் சரியாகவே குறித்திருக்கிறீர்கள். இளைஞரைப் பற்றி ‘பழங்குடி இளைஞர் ஒருவர்’ என்பதோடு முடித்துவிட்டீர்கள்.

அவர் பெயர் ரஃபேல் ஓயிம்பாரி. இன்றைய பப்புவா நியூகினியின் ஓரோ மாகாணத்தில், பூனா கடற்கரையை ஒட்டிய ஹனாவ் கிராமத்துக்காரர். 1942 டிசம்பர் 25, கிறிஸ்துமஸ் அன்று, ஜார்ஜ் சில்க் என்ற புகைப்படக்காரர் எடுத்த படம் அது. ஆஸ்திரேலியத் தணிக்கை அதை வெளியிட விடவில்லை. 1943 மார்ச்சில் அமெரிக்காவின் லைஃப் இதழில் வந்த பிறகுதான் உலகம் பார்த்தது. அதற்குள் விட்டிங்டன் இறந்துபோயிருந்தார். குண்டுக் காயம் அவரைக் கொல்லவில்லை. 1943 பிப்ரவரியில் தென்கரைத் துறைமுக நகரமான போர்ட் மோர்ஸ்பியில் ஸ்க்ரப் டைபஸ் அவரைக் கொண்டுபோனது. நம் ஊரில் மழைக்காலம் முடிந்ததும் தலைகாட்டுகிற அதே உண்ணிக்காய்ச்சல்தான். புல்லிலும் புதரிலும் ஒட்டிக்கிடக்கும் மிகச் சிறிய பூச்சியின் குஞ்சு கடித்து வருவது. படத்தில் இருவரும் நடந்துபோகும் அந்தக் குனாய் என்ற உயரமான புல் அதற்கு ஏற்ற இடம். ஓயிம்பாரி யார் என்று வெளியுலகம் தெரிந்துகொள்ள அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆயின. அவர் 1996 வரை வாழ்ந்தார்.

பெயர் விடுபட்டதை மட்டும் சொல்வதற்காக இவ்வளவு நீளமான கடிதம் தேவைப்படாது. கட்டுரையில் ஒரு வரி இருக்கிறது: கிராமத்தார் ‘அன்பு மிகுதியால் தாமாக ஓடிவந்து’ வீரர்களைச் சுமந்தார்களாம். அன்பு இருந்தது, அதை யாரும் மறுக்க முடியாது. ஆனால் எல்லோரும் தாமாக ஓடிவரவில்லை. 1942 ஜூன் 15 அன்று நியூகினிப் படைத்தலைமை பிறப்பித்த ஓர் ஆணை, ஊர் ஆண்களைக் கட்டாயமாக வேலைக்குப் பிடித்துச் செல்லும் அதிகாரத்தை ராணுவத்துக்குக் கொடுத்தது. பிடித்துக் கொடுத்த பிரிவுக்கு ஆங்காவ் என்று பெயர், ஆஸ்திரேலிய நியூகினி நிர்வாகப் பிரிவு. சம்பளம் மாதம் பத்து ஷில்லிங் அளவில். ஒப்பந்தம் முடியும் முன் ஓடிப்போனால் தண்டனை. விரும்பி வந்தவர்களும் பிடித்து வரப்பட்டவர்களும் ஒரே வரிசையில் நடந்தார்கள். அவர்கள் தோளில் என்ன இருந்தது, எத்தனை கிலோ, எத்தனை நாள் என்பதைச் சொல்லாமல் நட்பை மட்டும் சொன்னால், அந்த நட்பின் விலை வாசகருக்குத் தெரியாமலே போய்விடும்.

கொக்கோடா பாதையிலிருந்து தொடங்குகிறேன். ஓவர்ஸ் கார்னர் என்ற இடத்தில் வண்டிச்சாலை முடிந்துவிடும். அங்கிருந்து ஓவன் ஸ்டான்லி மலைத்தொடரைத் தாண்டி வடபுறத்துக் கொக்கோடா ஊருக்கு 96 கிலோமீட்டர் ஒற்றையடிப் பாதை. மிக உயரமான இடம் கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 2,190 மீட்டர். 96 கிலோமீட்டர்தானே என்று தோன்றும். ஆனால் அந்தப் பாதை மலைமுதுகின்மேல் போவதில்லை, குறுக்கே வெட்டிப் போகிறது. ஒரு முகட்டில் ஏறி ஓடைக்கு இறங்கி, மறுபடி அடுத்த முகட்டில் ஏற வேண்டும். எதிர் முகட்டில் நிற்கும் ஆளோடு கத்திப் பேசலாம், போய்ச் சேர அரைநாள் ஆகும். ஊபெரிக்கும் இமிட்டா முகட்டுக்கும் நடுவே ராணுவப் பொறியாளர்கள் 2,000-க்கும் மேற்பட்ட படிகள் வெட்டினார்கள். ‘தங்கப் படிக்கட்டு’ என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். ஒவ்வொரு படிக்கும் விளிம்பில் ஒரு கட்டை, அது சரியாமல் இருக்க இரண்டு முளைகள். கட்டைக்குப் பின்னால் மண் இருக்க வேண்டும். மழை பெய்ததும் மண் கரைந்து, ஒவ்வொரு படியும் ஒரு சேற்றுத் தொட்டியானது. கட்டையை மிதித்தால் வழுக்கும், பின்னால் மிதித்தால் முழங்கால்வரை இறங்கும்.

ஜப்பானியர் 1942 ஜூலை 21-ஆம் தேதி வடகரையில் இறங்கினார்கள். அவர்களைத் தடுக்க அனுப்பப்பட்ட ஆஸ்திரேலியப் படைக்குச் சோறு, தோட்டா, மருந்து எல்லாம் இந்தப் பாதையில்தான் போக வேண்டியிருந்தது. பொறுப்பு பெர்ட் கீன்ஸில் என்பவரிடம் வந்தது. கொக்கோடாவை ஒட்டிய யோடா பள்ளத்தாக்கில் ரப்பர் தோட்டமும் தங்கச் சுரங்கமும் நடத்தியவர், ஊர்மொழி தெரிந்தவர். ஆகஸ்ட் மாதக் கடைசிக்குள் கொக்கோடாவுக்கு வண்டிச்சாலை போடு என்று அவருக்கு உத்தரவு. வரைபடத்தை மட்டும் பார்த்தவர்கள் போட்ட உத்தரவு அது. சாலை நடக்காது, ஆள்சுமைதான் ஒரே வழி என்று கண்டதும் அவர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். இந்தப் போரைப் பற்றி எழுதுகிற எவரும் முதலில் எடுத்து வைக்க வேண்டியது அந்தக் கணக்கைத்தான் என்பேன்.

ஒரு சுமைகாரருக்கு நிர்ணயித்த பாரம் 40 ராத்தல், அதாவது 18 கிலோ. அவர் உணவை மட்டுமே சுமந்து, அதிலிருந்தே தானும் சாப்பிட்டால், 13 நாளில் சுமை காலி. நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.4 கிலோ என்று ஆகிறது. அந்தச் சுமையில் ஒரு சிப்பாய்க்கும் பங்கு கொடுத்தால் ஆறரை நாளில் காலி. கொக்கோடாவுக்கு எட்டு நாள் நடை. எட்டு நாளில் சுமைகாரர் 11 கிலோவைத் தானே தின்றிருப்பார், கையில் மிச்சம் 7 கிலோ. அவர் திரும்பி வரவும் சாப்பாடு வேண்டும். வெறுங்கையோடு வேகமாக ஐந்தே நாளில் இறங்கி வந்தாலும் அதற்கு 7 கிலோ ஆகிவிடும். ஆக, கொக்கோடாவில் நிற்கும் சிப்பாய்க்குக் கொடுக்க ஒரு பிடி அரிசிகூட மிஞ்சாது. தோட்டாப் பெட்டி சுமப்பவர் கதை இன்னும் மோசம். அவர் சுமையில் தின்ன எதுவும் இல்லை, அவருக்குச் சோறு சுமக்க இன்னொருவர் வேண்டும். அந்த இன்னொருவரும் சாப்பிட வேண்டும்.

ஒருநாள் நடைக்கு ஒரு தங்குமிடம் என்று பாதையை வெட்டி, சுமையைக் கைமாற்றி அனுப்பினால் சரியாகிவிடுமே என்று தோன்றலாம். கீன்ஸில் அதையும் செய்தார். ஊபெரி, நவுரோ, மெனாரி, எஃபோகி, ககி என்று வரிசையாகக் கிடங்குகள். ஆட்கள் தங்களுக்குத் தெரிந்த பாதைத்துண்டில் மட்டும் போய்வந்ததால் களைப்பும் குறைந்தது, ஓடிப்போவதும் குறைந்தது. ஆனால் கணக்கு மாறவில்லை. ஒரு கிலோ அரிசியை ஒருநாள் தூரம் முன்னே தள்ள எவ்வளவு சோறு செலவாகுமோ அவ்வளவு செலவாகத்தான் செய்யும், யார் தூக்கினாலும். ஊர்க் கிழங்கைக் கொடுத்து அரிசியை மிச்சப்படுத்தலாமா என்றால், சர்க்கரைவள்ளியில் பெரும்பகுதி தண்ணீர். ஒரு கிலோ அரிசி தரும் சக்திக்கு நான்கு கிலோ கிழங்கு சுமக்க வேண்டும். போகிற வழியில் ஊரார் தோட்டத்தில் பிடுங்கினால் அந்த ஊர் பட்டினி.

கணக்கை மாற்றக்கூடியது ஒன்றே ஒன்று: பாதையின் நடுவில் ஆகாயத்திலிருந்து உணவு விழ வேண்டும். ஆகஸ்ட் 3-ஆம் தேதி கீன்ஸில் மலை உச்சிக்குப் பக்கத்தில் காட்டுக்கு நடுவே ஒரு வறண்ட ஏரிப்படுகையைக் கண்டுபிடித்தார். மரமே இல்லாத அகன்ற புல்வெளி. மியோலா என்று பெயரிட்டார். விமானம் தாழ்வாகப் பறந்து மூட்டைகளைத் தள்ளிவிடும். பாராசூட் இல்லை. அரிசியை ஒரு சாக்கில் கட்டி, அதைவிடப் பெரிய சாக்கு ஒன்றுக்குள் தளர்வாகப் போட்டுத் தைப்பார்கள். உள்சாக்கு கிழிந்தாலும் வெளிச்சாக்கு அரிசியைப் பிடித்துக்கொள்ளும். இரண்டும் கிழிந்தால் சேற்றில் ஒவ்வொரு மணியாகப் பொறுக்க வேண்டும். பிஸ்கட் தூளாகும். டின்கள் மூட்டு விட்டு மழையில் புளிக்கும், அதைத் தின்றவருக்கு வயிற்றுப்போக்கு. மோர்ட்டார் குண்டுகளையும் இப்படித்தான் வீசினார்கள். விழுந்த அடியில் முனை பழுதாகி, பிறகு சுடும்போது குழாய்க்குள்ளேயே வெடித்து, சுட்டவர்களே இறந்ததும் நடந்தது. மூட்டை புல்வெளியைத் தாண்டிக் காட்டுக்குள் போனால் அதோடு போயிற்று.

அதுகூட நிலைக்கவில்லை. ஆகஸ்ட் 17 அன்று போர்ட் மோர்ஸ்பியின் செவன் மைல் விமானத்தளத்தில் சரக்கு விமானங்கள் இறக்கையோடு இறக்கை உரசுகிற மாதிரி வரிசையாக நின்றிருந்தன. ஜப்பானியக் குண்டு வீச்சில் பல அழிந்தன. நான்கு நாள் கழித்து ஆஸ்திரேலிய பிரிகேடியர் பாட்ஸ் தன் படையோடு மியோலா வந்து பார்த்தபோது, இருப்பதாகச் சொல்லப்பட்ட உணவில் சிறு பகுதிதான் அங்கே இருந்தது. மொத்தப் பாரமும் மறுபடி மனிதத் தோளுக்கு வந்தது. அதே பாதையில் இசுராவா என்ற ஊரில் பெரிய சண்டை நடந்தது அதற்கு அடுத்த வாரம். அந்தத் தோள்கள் எப்படி இருந்தன என்று டாக்டர் ஜெஃப்ரி வெர்னன் எழுதி வைத்திருக்கிறார். அறுபது வயதுக்காரர், முதல் உலகப் போரில் காது கேளாமல் போனவர், சுமைகாரர்களுக்கென்று இருந்த மருத்துவர். இயோரா ஓடையில் காயம்பட்ட சிப்பாய்களைவிடச் சுமைகாரர்களின் நிலைதான் தனக்கு அதிகக் கவலை தந்தது என்கிறார். அளவுக்கு மீறிய வேலை, குளிர், அரைவயிற்றுச் சோறு. சுமையோ 18 கிலோவோடு நிற்கவில்லை. களைத்த சிப்பாய்கள் தங்கள் மூட்டையையும் சில நேரம் துப்பாக்கியையும்கூட அவர்கள் சுமைக்கு மேல் வைத்துவிடுவார்களாம். மாலையில் வந்து சுமையை இறக்கி, அப்படியே தரையில் விழுந்து கிடப்பார்கள். கடற்கரை ஊர்க்காரர்கள் பலருக்கு அந்த உயரத்துக் குளிர் பழக்கமே இல்லை, போர்வையும் எல்லோருக்கும் இல்லை.

இனி ஸ்ட்ரெச்சர். உங்கள் கட்டுரை இதை ஒரே வரியில் தாண்டிவிட்டது.

ராணுவத்தின் சொந்த ஸ்ட்ரெச்சர் எண்ணிக்கையில் போதாது. ஆகவே வழியிலேயே செய்ய வேண்டும். காட்டில் நேராக வளர்ந்த இரண்டு இளமரங்களை வெட்டுவார்கள், ஆள் நீளத்துக்கு மேல் இரண்டு பக்கமும் தோள் கொடுக்க இடம் விட்டு. கொப்பரைச் சாக்கு இரண்டை எடுத்து, அடிமூலைகளைக் கிழித்து, கழிகளை உள்ளே கோத்தால் அது படுக்கை. சாக்கு இல்லையென்றால் போர்வையைச் சுற்றித் தைப்பார்கள். தலைமாட்டிலும் கால்மாட்டிலும் குறுக்குக் கட்டை வைத்துப் பிரம்புக்கொடியால் இறுக்கிக் கட்ட வேண்டும். இந்தக் குறுக்குக் கட்டையில்தான் எல்லாம் இருக்கிறது. அது நழுவினால் இரண்டு கழிகளும் உள்ளே நெருங்கி, படுத்திருப்பவரின் தோளையும் இடுப்பையும் நெரிக்கும். தொடை எலும்பு முறிந்தவருக்கு அது எப்படி இருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பச்சைமரம் என்பதால் ஸ்ட்ரெச்சரின் சொந்த எடையே கணிசம். மழையில் சாக்கு நனைந்து தொய்ந்து, நோயாளியின் முதுகு பாறையில் உரசும், மறுபடி அவிழ்த்து இழுத்துக் கட்ட வேண்டும். முகத்தில் மழையும் வெயிலும் படாமல் வாழையிலையோ தழையோ கொண்டு ஒரு சிறு கூரை.

ஒரு ஸ்ட்ரெச்சருக்கு எட்டுப் பேர். நான்கு பேர் தூக்க, நான்கு பேர் மாற்றுக்கு. மாற்றாள் சும்மா நடப்பதில்லை. முன்னால் போய்க் கொடியை வெட்டுவார், சறுக்குமிடத்தில் கீழே நின்று தூக்குபவரின் பாதத்துக்குத் தன் கையை முட்டுக் கொடுப்பார். ஏற்றத்தில் முன்னால் போகிறவர்கள் கழியைக் கைமட்டத்துக்குத் தாழ்த்த வேண்டும், பின்னால் வருகிறவர்கள் தோளுக்கு மேல் உயர்த்த வேண்டும். இறக்கத்தில் அப்படியே தலைகீழ். அப்போதுதான் படுத்திருப்பவர் மட்டமாக இருப்பார். நாலு பேரில் ஒருவர் உயரம் குறைந்தவராக இருந்தால் அவர் பங்குப் பாரம் மற்றவர்கள் தோளுக்குப் போகும், அதனால் உயரம் பார்த்துச் சோடி சேர்க்க வேண்டும். ஓடையில் பாலம் என்பது விழுந்து கிடக்கும் ஒற்றை மரம். இருவர் இணையாக நிற்க இடமில்லை. அதனால் தண்ணீருக்குள் இறங்கி, இடுப்பளவு வேகநீரில், கழியைத் தலைக்கு மேல் பிடித்தபடி கடந்தார்கள். வெறுங்கால்தான். சேற்றில் பூட்ஸ் காலைவிட விரித்து ஊன்றிய வெறுங்கால் விரல் நன்றாகப் பிடிக்கும். ஆனால் அதே கால்தான் கூர்ங்கல்லிலும் முள்வேரிலும் கிழிந்தது.

நாற்பது ஸ்ட்ரெச்சர் என்றால் 320 ஆள். அவர்களுக்கு மட்டும் ஒரு நாளைக்கு ஏறத்தாழ 450 கிலோ உணவு, அதாவது 25 பேர் தூக்கும் சுமை. மேலே சொன்ன கணக்கில் ‘திரும்பும்போது வெறுங்கை’ என்று எழுதினேனே, உண்மையில் அது வெறுங்கை இல்லை. முன்னே அரிசி கொண்டுபோனவர்தான் திரும்பும்போது காயம்பட்டவரைத் தூக்கி வந்தார், அதுவும் போனதைவிட மெதுவாக. காயம்பட்டவர் அதிகமான நாளில் அரிசி குறைந்ததும், அரிசி முன்னே போன நாளில் காயம்பட்டவர் பின்னே கிடந்ததும் இதனால்தான். நடக்க முடிகிற காயக்காரர் எல்லாரும் நடக்கவே வேண்டும் என்று விதி வந்ததும் இதனால்தான். கட்டுப் போட்ட கண்களோடு ஒருவர் கழியூன்றி நடக்கிற உங்கள் படம் பூனாச் சமவெளியில் எடுத்தது, மலைப்பாதையில் அல்ல. ஆனாலும் அங்கும் அதே தட்டுப்பாடுதான்.

இவ்வளவையும் சொன்ன பிறகு அன்பைப் பற்றிச் சொல்வது எளிது. கர்னல் கிங்ஸ்லி நாரிஸ் என்ற ராணுவ மருத்துவ அதிகாரியின் பதிவு இது. வழியில் இருட்டிவிட்டால், தூக்குபவர்கள் ஒரு மட்டமான இடம் தேடி ஸ்ட்ரெச்சரை வைத்து, நோயாளிக்கு மேலே ஒரு பந்தல் போடுவார்கள். அவருக்குத் தண்ணீர் கொண்டு வருவார்கள். உணவு இருந்தால் முதலில் அவருக்கு, தங்களுக்கு இருக்கிறதா இல்லையா என்று பார்ப்பதில்லை. பிறகு ஸ்ட்ரெச்சருக்கு இந்தப் பக்கம் நால்வர், அந்தப் பக்கம் நால்வர் படுத்துக்கொள்வார்கள். நோயாளி அசைந்தால் போதும், யாராவது ஒருவர் எழுந்துவிடுவார்.

கட்டாய ஆணை இதைச் செய்யச் சொல்லவில்லை. தூக்கு என்றுதான் அது சொன்னது. பக்கத்தில் படுத்து விழித்திரு என்று எந்த ஒப்பந்தத்திலும் எழுதியிருக்கவில்லை. தூக்கியவர்களுக்கும் தூக்கப்பட்டவருக்கும் பொதுமொழி பெரும்பாலும் கிடையாது. போலீஸ் மோத்து என்ற தொடர்புமொழியில் நாலைந்து சொல், அதில் ‘தவுபதா’ என்றால் ஐயா. மற்றதெல்லாம் சைகை. இருவருக்கும் நடுவே கைமாறியது புகையிலை. முறுக்கிய கட்டைப் புகையிலையைச் சீவி, செய்தித்தாள் துண்டில் சுருட்டிப் புகைப்பது அங்கே வழக்கம். அந்தக் காட்டில் பழைய செய்தித்தாளுக்கு அப்படி ஒரு மதிப்பு இருந்தது.

ஓடிப்போனவர்களையும் சொல்ல வேண்டும். இசுராவாப் பின்வாங்கலின்போது நிறையப் பேர் காட்டுக்குள் மறைந்தார்கள். கோழைத்தனம் என்று அப்போது எழுதியவர்கள் உண்டு. காரணம் பார்த்தால் அப்படி எழுத மனம் வராது. தங்கள் ஊர் இருக்கும் திசையிலிருந்துதான் எதிரி வருகிறான், வீட்டில் பெண்டு பிள்ளைகள். அந்த மக்களிடம் புதுத் தோட்டத்துக்குக் காடு வெட்டித் திருத்துவது ஆண்கள் வேலை, நடுவதும் களையெடுப்பதும் பெண்கள் வேலை. ஆண்கள் இல்லையென்றால் புதுத் தோட்டம் இல்லை. பழைய தோட்டம் வலுவிழந்ததும் பசி வரும். ஒரு ஊரில் திடமான ஆண்களில் இத்தனை பேரைத்தான் எடுக்கலாம் என்று விதி இருந்தாலும், சண்டை முற்றிய மாதங்களில் அது காற்றில் போனது. 1944-இல் ஆங்காவின் கீழ் வேலை பார்த்தவர்கள் 35,000-க்கும் மேல். அத்தனை ஆண் கைகள் தோட்டத்தில் இல்லை என்று அதற்கு அர்த்தம்.

எல்லா ஊரும் ஒரே பக்கமும் இல்லை. ஜப்பானியர் தாங்கள் பிடித்திருந்த ரபவுல் துறைமுகத்திலிருந்து தங்களோடு சுமைகாரர்களைக் கொண்டு வந்தார்கள், வடகரையில் ஒரோகைவா மக்களையும் பிடித்தார்கள், சிலர் விரும்பியும் உதவினார்கள். மிஷனரிகளைக் காட்டிக் கொடுத்ததாகவும் கொலை செய்ததாகவும் 1943-இல் ஹிகதுரு என்ற இடத்தில் இருபதுக்கும் மேற்பட்ட ஒரோகைவாக்களை ஆங்காவ் தூக்கிலிட்டது. ஊர்மக்களைக் கூட்டி வைத்து, அவர்கள் கண்ணெதிரில். ஓயிம்பாரியின் மாகாணம்தான் அதுவும். தெற்கே மலையில் கோயாரி மக்கள், வடக்கே ஒரோகைவா. மொழி வேறு, உறவு வேறு, பகை வேறு. ஒரே நாட்டில் 800-க்கும் மேற்பட்ட மொழிகள் உள்ள இடத்தில், ‘பழங்குடி’ என்ற ஒற்றைச் சொல் யாரையும் அடையாளம் காட்டாது. சுருட்டைமுடியை வைத்து ஆஸ்திரேலியர் சூட்டிய ‘ஃபஸ்ஸி வஸ்ஸி தேவதைகள்’ என்ற செல்லப்பெயரை நீங்களும் தலைப்பில் போட்டிருந்தீர்கள். பாசத்தோடு வந்த பெயர்தான். ஆனால் தேவதைக்குச் சம்பளம் தர வேண்டியதில்லை, ஓய்வூதியம் தர வேண்டியதில்லை. அப்படித்தான் ஆனது. போர்ச்சேதத்துக்கு ஓரளவு இழப்பீடு கிடைத்தது, ஆனால் சிப்பாய்க்குக் கிடைத்த ஓய்வூதியம் சுமந்தவருக்குக் கிடைக்கவில்லை. ஆஸ்திரேலிய அரசு ஒரு நினைவுப் பதக்கம் கொடுக்கத் தொடங்கியது 2009-இல். சுமந்தவர்களில் பெரும்பாலோர் அதற்குள் மண்ணுக்குள் போய்விட்டார்கள்.

தனி ஒரு வீரர் இந்தக் கடனை எப்படி எடுத்துக்கொண்டார் என்பதற்கு அருகிலேயே ஓர் எடுத்துக்காட்டு இருக்கிறது. உங்கள் கட்டுரை அவரைத் தொடவில்லை. ஃப்ரெட் ஹார்கெஷைமர், அமெரிக்க விமானி. 1943 ஜூன் 5 அன்று நியூ பிரிட்டன் தீவின்மேல் உளவுப் படம் எடுத்துக்கொண்டிருந்தபோது அவருடைய விமானம் சுடப்பட்டது. பாராசூட்டில் குதித்து 31 நாள் காட்டில் தனியாகக் கிடந்தவரை நாகனாய் மக்கள் கண்டுபிடித்து, எயா எயா என்ற கடலோர ஊரில் வைத்துக் காப்பாற்றினார்கள். ஜப்பானிய ரோந்து வரும்போதெல்லாம் காட்டுக்குள் மறைத்தார்கள். பிடிபட்டிருந்தால் ஊரே அழிந்திருக்கும். மலேரியாவில் எதையும் விழுங்க முடியாமல் கிடந்தபோது, கைக்குழந்தைக்காரி ஒருவர் தன் தாய்ப்பாலைக் கொடுத்து உயிரைப் பிடித்து வைத்தார். 1944 பிப்ரவரியில் நீர்மூழ்கிக் கப்பலொன்று அவரை மீட்டது.

1960-இல் அவர் அந்த ஊருக்குத் திரும்பினார். நன்றி சொல்லிவிட்டு வருவதுதான் திட்டம். போய்ப் பார்த்தபின் நன்றி மட்டும் போதாது என்று தோன்றியது. அமெரிக்காவில் மூன்று ஆண்டு அலைந்து 15,000 டாலர் திரட்டி, 1963-இல் எவாஸே என்ற ஊரில் பள்ளிக்கூடம் எழுப்பினார். கட்டடத்தோடு விட்டிருந்தால் அடுத்த சில மழைக்காலங்களில் கூரை போயிருக்கும், ஆசிரியர் போயிருப்பார். 1970-இல் மனைவியோடு அங்கேயே குடியேறி நான்கு ஆண்டு பாடம் நடத்தினார். எண்ணெய்ப் பனை நட்டு, அதன் வருமானம் பள்ளிச் செலவுக்கு வர வழி செய்தார். ஆண்டுதோறும் யாரிடமும் கையேந்தாமல் பள்ளி ஓட வேண்டும் என்று யோசித்த இடம் அது. 2010-இல் தன் 94-ஆம் வயதில் காலமானார்.

அவர் ஒருவர். கொக்கோடாவில் தூக்கி இறக்கப்பட்டவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் பலருக்குத் தங்களைத் தூக்கிய எட்டுப் பேரின் பெயர் தெரியாமலே போயிற்று. சுமைகாரர் பதிவேடுகளிலும் பெயர்கள் அரைகுறை. ஓயிம்பாரியின் பெயர் கிடைத்திருப்பது அபூர்வம். கிடைத்த பெயரையும் நாம் விட்டுவிடக் கூடாது என்பதற்காகவே இத்தனை எழுதினேன்.

அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடும்படி கேட்டுக்கொள்கிறேன். இடம் குறைவென்றால் இந்தக் கடிதத்தை விட்டுவிட்டுப் படக்குறிப்பை மட்டுமாவது இப்படிப் போடலாம்: ‘ரஃபேல் ஓயிம்பாரி, ஹனாவ் கிராமம், காயம்பட்ட ஆஸ்திரேலிய வீரர் ஜார்ஜ் விட்டிங்டனை மருத்துவ முகாமுக்கு அழைத்துச் செல்கிறார். பூனா அருகில், 1942 டிசம்பர் 25. படம்: ஜார்ஜ் சில்க்.’

இப்படிக்கு,
வாசகர்,
பாளையங்கோட்டை